வீட்டுத் தையலிலிருந்து பொட்டிக்குக்கு: வேலையை விடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். திருச்சியில் தனியார் அலுவலகத்தில் வேலை. நான்கு வருடமாக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டில் ஜாக்கெட் தையல், கூடவே ஆரி வேலை (ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி). மாதம் 24 சாதா லைனிங் ஜாக்கெட், 6 ஆரி ஜாக்கெட். சாதாவுக்கு 450 ரூபாய், ஆரிக்குச் சராசரியாக 2,500. ‘செலவு போக இருபதாயிரத்துக்கு மேல் லாபம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தில்லைநகரில் 18,000 வாடகைக்கு ஒரு கடை வருகிறது, பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், கையில் 6 லட்சம் இருக்கிறது, பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். வேலையை விட்டுவிட்டு பொட்டிக் திறக்கலாமா? கடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் நிற்கிற கேள்வி, நீங்கள் மெஷினில் உட்காராவிட்டாலும் இந்தத் தொழில் ஓடுமா என்பது. அதற்கு விடை கிடைக்காமல் வாடகை கூடுதலா குறைவா என்று பேசிப் பயனில்லை.

அந்த ‘லாபத்தை’ முதலில் பிரித்துப் பார்ப்போம். 24 சாதாவுக்கு 10,800, 6 ஆரிக்கு 15,000, மொத்த வரவு 25,800. லைனிங் ஒரு ஜாக்கெட்டுக்கு 70 ரூபாய், நூல், கொக்கி, கேன்வாஸ் 20 ரூபாய் என்று 30 ஜாக்கெட்டுக்கு 2,700. ஆரிக்கு ஜரி நூல், மணி, கல் ஒன்றுக்கு 400 வீதம் 2,400. ஆக 5,100 போக 20,700 நிற்கிறது. நீங்கள் சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறது. இப்போது நேரத்தைப் போடுங்கள். அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது, எம்மிங் (ஓரம் மடித்துக் கையால் தைப்பது), கொக்கி, ட்ரயல், வாட்ஸ்அப்பில் பேசுவது எல்லாம் சேர்த்து ஒரு லைனிங் ஜாக்கெட் 3 மணி நேரத்துக்குக் குறையாது. ஆரி என்றால் அதோடு இன்னொரு 8 மணி நேரம். 24 சாதாவுக்கு 72 மணி, 6 ஆரிக்கு 66 மணி, மொத்தம் 138 மணி நேரம். 20,700-ஐ 138-ஆல் வகுத்தால் மணிக்கு 150 ரூபாய். அதாவது நீங்கள் லாபம் என்று சொல்வது முழுக்க முழுக்க உங்கள் கூலி. தொழிலின் லாபம் இன்னும் பிறக்கவே இல்லை.

பொட்டிக் என்றால் தையலை இன்னொருவர் தைக்க வேண்டும். நீங்கள் கட்டிங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தையலுக்கு பீஸ் ரேட் (ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்ற கூலி) 200, எம்மிங்–கொக்கிக்கு 40 கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சாதா ஜாக்கெட்டில் 450-லிருந்து சாமான் 90, கூலி 240 போனால் 120 மிஞ்சும். ஆரியில் சாமான் 490, ஆரிக் கூலி 900, தையலும் எம்மிங்கும் 240 போக 870 மிஞ்சும். இப்போதைய அதே 30 ஜாக்கெட்டுக்கு 2,880-ம் 5,220-ம் சேர்த்து 8,100 ரூபாய். கடை வாடகையில் பாதிகூட இல்லை. கூலி விகிதம் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும்; என் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

இதையே திருப்பிப் போட்டால், கடை ஓட எத்தனை ஜாக்கெட் வேண்டும் என்பது தெரியும். வாடகை 18,000, மின்சாரம் 3,000, கடையில் நிற்க ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 10,000, போன், பை, சில்லறைச் செலவு 3,000, மெஷின் பராமரிப்பு 1,000. ஆக 35,000, கடையைத் திறந்தாலும் மூடினாலும் போகிற பணம். உங்களுக்கு 25,000 சம்பளம் சேர்த்தால் 60,000. இப்போதைய கலவையில் ஒரு ஜாக்கெட்டுக்குச் சராசரி மிச்சம் 270 ரூபாய். கடைச் செலவை மட்டும் ஈடுகட்ட 130 ஜாக்கெட், உங்கள் சம்பளமும் வர 222. முப்பதிலிருந்து இருநூற்று இருபத்திரண்டு. மாதம் 26 நாள் என்றால் தினம் எட்டரை ஜாக்கெட். வெட்டிக் கொடுத்தால் ஒரு நல்ல டெய்லர் நாளைக்கு நாலைந்து லைனிங் ஜாக்கெட் தைப்பார்; ஆக இரண்டு டெய்லர் நிரந்தரமாக வேண்டும். அந்த 222-இல் 44 ஆரி. எட்டு மணி நேரக் கணக்கில் இரண்டு ஆரிக்காரர்கள் மாதம் முழுக்க உட்கார வேண்டும். உங்கள் பக்கம், கட்டிங் ஒன்றுக்கு 25 நிமிடம், அளவு எடுத்துப் பேச 20 நிமிடம் என்றால் மாதம் 166 மணி நேரம் அதிலேயே போய்விடும். துணி வாங்கப் போவது, போட்டோ போடுவது, பணம் வசூலிப்பது எல்லாம் அதற்கு மேல்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். சாதா ஜாக்கெட் 450-க்குப் பதில் 550 என்றால் அதில் மிஞ்சுவது 120-லிருந்து 220 ஆகிறது, சராசரி 350 ஆகிறது, தேவைப்படும் எண்ணிக்கை 222-லிருந்து 171-ஆக இறங்குகிறது. நூறு ரூபாயில் மாதம் 51 ஜாக்கெட் குறைந்துவிட்டது. வீட்டில் தைப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குத்தான் தைக்கிறார்கள், அந்தத் தயக்கத்தில் விலையை வருடக்கணக்கில் ஏற்றுவதில்லை. கடைக்குப் போகும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இப்போதே, வீட்டிலேயே, புது வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 550 சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் ஆறேழு பேர் முகம் சுளிக்காமல் கொடுத்தால் உங்கள் கைக்கு அந்த விலை உண்டு. ஒருவரும் கொடுக்கவில்லை என்றால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவாகவில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டால் தானாக விலை கூடும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை.

அடுத்த சோதனைதான் முக்கியம். வேலையில் இருந்தபடியே ஒரு டெய்லரைப் பிடித்து, நீங்கள் வெட்டிக் கொடுத்து, உங்கள் கை படாமல் 20 ஜாக்கெட் தைத்து வாங்குங்கள். எத்தனை ஆல்டருக்கு (பிரித்துத் திருத்தித் தைக்க) திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். இருபதில் இரண்டுக்கு மேல் வந்தால் இன்னும் கடைக்குத் தயாராகவில்லை. திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் டெய்லர் இல்லை. உங்கள் தலைக்குள் இருப்பது தாளில் இல்லாததுதான். நீங்களே வெட்டி நீங்களே தைக்கும்போது, கைக்குழியில் கொஞ்சம் இழுப்பதைத் தைக்கும்போதே சரிசெய்துவிடுவீர்கள். அடுத்தவருக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் எண் போட்ட ஒரு ஜாப் கார்டு வேண்டும். மார்பு, இடுப்பு, தோள், கைக்குழிச் சுற்று, கை நீளம், கை லூஸ், முன்கழுத்து, பின்கழுத்து ஆழம், டாட் பாயின்ட், கொக்கி முன்னாலா பின்னாலா, உள்ளே எத்தனை இஞ்ச் விட வேண்டும், பைப்பிங் உண்டா, நாட் உண்டா. கூடவே, அளவு ஜாக்கெட்டில் வாடிக்கையாளருக்குப் பிடிக்காதது என்ன என்று ஒரு வரி. அளவு ஜாக்கெட் கொடுப்பவர்களில் பாதிப்பேர் ‘இதே மாதிரி, ஆனால்’ என்றுதான் கொடுப்பார்கள். அந்த ‘ஆனால்’ கார்டில் ஏறாவிட்டால் ஆல்டர் உறுதி.

வெளியே தைக்கக் கொடுக்கும்போது வழக்கமாகக் கெடுவது நாலைந்து இடம்தான். லைனிங்கைத் தண்ணீரில் போடாமல் தைத்தால் முதல் துவைப்பில் உள்ளே சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும். பருத்தி லைனிங்கை இரவே ஊறப்போட்டு நிழலில் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே கத்திரி வைக்க வேண்டும். மொத்தமாகத் தைக்கிற டெய்லர் பல துணிக்கும் ஒரே 14 நம்பர் அல்லது 16 நம்பர் ஊசியை மாற்றாமல் ஓட்டுவார். மெல்லிய பட்டிலும் ஆர்கன்ஸாவிலும் அது ஓட்டை விடும், தையல் ஓரம் சுருங்கும். அவற்றுக்கு 9 அல்லது 11 நம்பர் ஊசி. எண்ணெய் போட்ட மெஷினை வேஸ்ட் துணியில் நாலு வரி ஓட்டாமல் வாடிக்கையாளர் துணியை வைத்தால் கறை உங்கள் கணக்கில் விழும். ஆரி ஜாக்கெட்டை முதலில் வெட்டிவிட்டு வேலை செய்யக் கூடாது. துணியில் மார்க் செய்து, ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, வேலை முடிந்து இறக்கிய பிறகே வெட்ட வேண்டும். வேலை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் துணி உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் மார்க்குக்கு வெளியே ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச் கூடுதலாக விட வேண்டும். லைனிங் மேட்ச்சிங்கை ராத்திரி விளக்கில் பார்த்து எடுக்காதீர்கள். மஞ்சள் பல்பின் கீழ் மெரூனும் அரக்குச் சிவப்பும் ஒன்றாகத் தெரியும், மறுநாள் வாசலில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிறம்.

துணி வாங்கும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே அளந்து எழுதுங்கள். புடவையோடு வரும் ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் என்று அவர் நினைத்திருப்பார், 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். முக்கால் கை கேட்டிருப்பார். ‘போதவில்லை’ என்று மூன்று நாள் கழித்து நீங்கள் சொன்னால், நீங்கள் வெட்டி எடுத்துக்கொண்டீர்கள் என்ற சந்தேகம்தான் வரும். போனில் ஒரு படம், கார்டில் ஒரு எண். முப்பது வினாடி வேலை. பாதிப் பணம் முன்பணமாக வாங்குவதையும் இப்போதே பழக்கப்படுத்துங்கள். கார்டில் இரண்டு தேதி எழுதுங்கள்: வாடிக்கையாளருக்குச் சொன்னது ஒன்று, அதற்கு மூன்று நாள் முன்னால் உங்களுக்கானது ஒன்று. டெய்லருக்கு இரண்டாவது மட்டும்தான் தெரிய வேண்டும்.

இனி பொட்டிக் என்ற சொல்லுக்கு வருவோம். அளவுக்குத் தைப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் அது நல்ல தையல் கடை, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடை வாடகையைத் தாங்குவது பெரும்பாலும் அளவெடுக்காமல் விற்கும் சரக்குதான்: ரெடிமேட் ஜாக்கெட், குர்தி, தாவணி செட், புடவையோடு பொருத்திய ஜாக்கெட். இங்கேதான் வீட்டுத் தையலில் இல்லாத ஒரு புது ஆபத்து நுழைகிறது. தையலில் துணி அவர்களுடையது, முன்பணம் அவர்களுடையது. ரெடிமேடில் பணம் உங்களுடையது, விற்காவிட்டால் ரேக்கில் தொங்கும்.

ஒரு குர்தி எடுத்துக்கொள்ளுங்கள். 44 இஞ்ச் அகலப் பருத்தித் துணி இரண்டரை மீட்டர், மீட்டர் 140 வீதம் 350. தையல் 150, பட்டன், லேபிள், கவர் 30. அடக்கம் 530. விலை 1,100. ஒன்றுக்கு 570 நிற்கும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். இருபது தைத்தால் இருபதும் முழு விலைக்குப் போகாது. பதினான்கு முழு விலைக்கு, நாலு 30 சதவீதத் தள்ளுபடியில் 770-க்கு, இரண்டு போகவே இல்லை என்றால், வரவு 18,480, அடக்கம் 10,600, மிச்சம் 7,880. ஒன்றுக்கு 394. விலை வைக்கும்போது இந்த 394-ஐ மனதில் வைத்துத்தான் வைக்க வேண்டும், 570-ஐ வைத்து அல்ல. எத்தனை தேங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஏதோ ஒரு அளவு தேங்கும் என்பது மட்டும் நிச்சயம்.

தேங்குவதைக் குறைக்கிற பொருள் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அதுதான் உங்கள் அளவு நோட்டு. நான்கு வருடத்தில் சில நூறு பெண்களின் மார்புச் சுற்றளவு அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 32, 34, 36, 38, 40, 42 என்று கட்டம் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்து எண்ணுங்கள். மொத்தக் கடையில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று சம எண்ணிக்கையில் செட் கட்டித்தான் கொடுப்பார்கள். உங்கள் நோட்டில் 38-ம் 40-ம் பாதிக்கு மேல் இருந்தால், அந்தச் செட்டில் எம் தேங்கும், எக்ஸ்எல் முதல் வாரத்திலேயே தீர்ந்து, வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போவார். சொந்தமாகத் தைக்கிறவருக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான்: எந்த அளவு எத்தனை என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். அதே நோட்டில் இன்னொன்றையும் பாருங்கள். மார்பு 38 உள்ளவர்களின் தோள் அளவு எவ்வளவு? ரெடிமேட் ஜாக்கெட் தோளில் இறங்குகிறது என்பது வழக்கமான புகார். உங்கள் ஊர்ப் பெண்களின் தோளுக்கு உங்களிடம் எண் இருக்கிறது, கடையில் மொத்தமாக வாங்கி விற்பவரிடம் இல்லை.

துணி எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பருத்திக்கும் ரேயானுக்கும் ஈரோடு பக்கம். கனி மார்க்கெட்டின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். சென்னையில் பாரிமுனை கோடவுன் தெருவும் சௌகார்பேட்டையும். நடுத்தர விலைப் புடவைக்கு சேலத்தை அடுத்த இளம்பிள்ளை, சுங்குடிக்குச் சின்னாளப்பட்டி. சூரத்திலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்குவது மலிவு, ஆனால் முதல் முறை எதையும் ஒரு தானுக்கு (ஒரு முழுத் துணிச் சுருளுக்கு) மேல் வாங்காதீர்கள். எந்தத் துணியாக இருந்தாலும் தைப்பதற்கு முன் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, ஓரத்தில் பேனாவால் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 50 என்பது 47.5 ஆனால் 5 சதவீதம் சுருக்கம். 46 இஞ்ச் நீளக் குர்தியில் அது இரண்டு இஞ்சுக்கு மேல். ரேயானில் இதைச் செய்யாமல் தைத்தவர்கள் கட்டாயம் திரும்ப வாங்கியிருப்பார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பாருங்கள், வெள்ளையும் அடர் நிறமும் சேர்ந்த டிசைன் என்றால் கண்டிப்பாக. பட்டு என்று சொல்லி வாங்கினால் ஓர இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் நாற்றம் அடித்துச் சாம்பலாக நொறுங்கும், பாலியெஸ்டர் உருகி முத்தாகக் கெட்டியாகும். பில்லில் ‘பட்டு’ என்று எழுதிக் கொடுக்கப்போவது நீங்கள்.

பணத்தைப் பிரிக்கலாம். 6 லட்சத்தில் அட்வான்ஸ் 1,80,000 போனால் 4,20,000. ஆறு மாதக் கடைச் செலவு, 35,000 வீதம் 2,10,000, தனிக் கணக்கில் போட்டுத் தொடக் கூடாது. மீதி 2,10,000. அதற்குள்தான் இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்), ஸ்டீம் அயர்ன், கட்டிங் டேபிள், ரேக், விளக்கு, ட்ரயல் ரூம், முதல் சரக்கு எல்லாம். முடியும், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான். மெஷினில் சர்வோ மோட்டார் வைத்ததாக வாங்குங்கள். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காமல் சும்மா இருக்கும்போதும் ஓடிக்கொண்டே மின்சாரம் இழுக்கும். கட்டிங் டேபிள் இடுப்பு உயரம், ஏறக்குறைய 36 இஞ்ச் இருக்கட்டும், தரையில் குனிந்து வெட்டும் பழக்கம் நாளைக்கு எட்டு ஜாக்கெட்டுக்குத் தாங்காது. பொட்டிக் திறப்பவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடம் பெரும்பாலும் இன்டீரியர். சுவரில் ஒட்டியதைக் கடை காலி பண்ணும்போது எடுத்துப் போக முடியாது. கழற்றி எடுத்துப் போகக்கூடியதில் மட்டும் செலவு செய்யுங்கள்.

வருடத்தின் போக்கையும் கணக்கில் எடுங்கள். நான் மேலே போட்டதெல்லாம் சராசரி மாதம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆரி ஆர்டர் வற்றிவிடும். உங்கள் மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆரியிலிருந்து வருவதால் அடி அங்கேதான் விழும். ஆவணி, தை, வைகாசியில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். அப்போது எல்லாவற்றையும் வாங்கிப் போட்டு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கொடுக்க முடியாமல் போவதைவிட, இந்த வாரத்துக்கு இத்தனைதான் என்று நிறுத்திவிடுவது நல்லது. ஒரு கல்யாண ஜாக்கெட் தவறினால் அந்த மண்டபம் முழுக்கப் பேச்சு. ஆடியில் யாரும் கடை திறக்க மாட்டார்கள், வீட்டில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் சாம்பிள் தைக்கவும், துணி சோதிக்கவும், டெய்லர் தேடவும் ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. துணி விற்பனை மட்டும் செய்தால் வருட வரவு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று சொல்வார்கள். அது சரக்கு மட்டும் விற்பவருக்கு. தையல் கூலியும் வாங்கினால் அது சேவை, வரம்பு 20 லட்சம். மேலே சொன்ன 222 ஜாக்கெட் நிலையில் வருட வரவு ஏறக்குறைய 23 லட்சம் வருகிறது, ஆக நீங்கள் சம்பளம் எடுக்கத் தொடங்கும் அதே வருடம் வரம்பைத் தாண்டுவீர்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்து பெங்களூரிலிருந்து ஒருவர் குர்தி கேட்டால், வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பதற்கு இந்த வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் உடை ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதனால் 2,600 என்று விலை வைப்பது அசட்டுத்தனம். காம்போசிஷனில் (சிறு வணிகர்கள் மொத்த வரவில் ஒரு நிலையான சதவீதத்தை ஜிஎஸ்டியாகக் கட்டும் திட்டம்) 1 சதவீதம் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், அது சரக்கு விற்பவர்களுக்கு. உங்களைப் போலச் சேவை அதிகம் உள்ளவர்களுக்கான திட்டம் 6 சதவீதம். தையல் கூலிக்கு எந்த வகையில் பில் போடுவது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, ஆதாரும் பான் எண்ணும் வைத்து இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். மாநகராட்சியில் தொழில் உரிமம், கடைக்கு வணிக மின் இணைப்பு, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. இந்தக் கடைசியைக் கடைக்குக் காத்திராமல் இந்த வாரமே செய்யுங்கள், வங்கியில் கடன் கேட்கும்போது அந்த வரவு செலவுதான் பேசும்.

கடன் பற்றி. சிறு தொழில்களுக்கான மத்திய அரசுக் கடன் திட்டமான முத்ராவில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண்; சொத்து ஈடு கேட்கக் கூடாது. மெஷினுக்கு வாங்குவது நியாயம், வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் வாங்குவது ஆபத்து. மானியத்தோடு கூடிய திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவை புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான், ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இல்லை. அதனால் முதலில் கடையைத் திறந்துவிட்டு, பிறகு மானியம் கேட்கப் போவது தலைகீழ். மானியத் தொகையும் உடனே கைக்கு வராது, மூன்று வருடம் வைப்பாக வங்கியிலேயே கிடக்கும்.

தில்லைநகர்க் கடைக்கு என்ன பதில் சொல்வது? என் கருத்து, விட்டுவிடுங்கள். அந்தத் தெரு மோசம் என்பதால் அல்ல. அளவுக்குத் தைக்க வருகிறவர்கள் கடையைப் பார்த்து நுழைவதில்லை, ஒருவர் சொல்லி இன்னொருவர் வருகிறார். அவர்களுக்கு மெயின் ரோடு தேவையே இல்லை. பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் இரண்டு அறை, 7,000 – 8,000 வாடகை, மாலையும் சனி ஞாயிறும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும். பகலில் டெய்லர் உள்ளே தைக்கட்டும், நீங்கள் வேலைக்குப் போய் வாருங்கள். வாடகையில் மட்டும் பத்தாயிரம் குறைந்தால், 270 கணக்கில் மாதம் 37 ஜாக்கெட் குறைவாகத் தைத்தால் போதும். வேலையை எப்போது விடுவது என்றால், உங்கள் கை தைக்காத வருமானத்தில் எல்லாச் செலவும் போக, இப்போதைய சம்பளத்தில் பாதி தொடர்ந்து மூன்று மாதம் நிற்க வேண்டும், அந்த மூன்றில் ஒன்று ஆடியாகவோ மார்கழியாகவோ இருக்க வேண்டும். பாதி என்பது என் அளவுகோல். வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாதவர்கள் இன்னும் மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கடையாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் இல்லை. பத்து மாதம் என்பது பழக்கம், பேசலாம். வருட ஏற்றம் எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாத அவகாசம், அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்புவார், மின் இணைப்பை வணிகத்துக்கு மாற்றும் செலவு யாருடையது என்பவை அதில் இருக்கட்டும்.

பெயர் பற்றிய கடைசிக் கேள்வி. உங்கள் பெயரையே வைப்பதில் தவறில்லை, ஆனால் லேபிள் அச்சடிப்பதற்கு முன் வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உடைக்கு வகுப்பு 25, கடைக்கு வகுப்பு 35. தனிநபருக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதலில் 25 மட்டும் போதும். பெயர்ப் பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி, பலகை எழுதுபவர் ஆங்கிலத்தைப் பெரிதாக வரைந்து கொண்டுவந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.